நெருப்பின் மேல் ஒரு குறும்பகல்

ஐஸ்லாந்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் வெப்பமும் வீட்டை விழுங்கிய குழம்பும் ஒரே நிலத்தடியில் இருக்கின்றன. குளிர்காலத்தில் குடும்பத்தோடு கிளம்பினால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

டிசம்பர் காலை, மணி ஒன்பதரை. ரெய்க்யவிக் நகரில் இன்னும் தெருவிளக்குகள் எரிகின்றன. ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று ஐஸ்லாந்தின் தலைநகரில் சூரியன் தலைகாட்டும்போது மணி 11.20 தாண்டியிருக்கும். மாலை மூன்றரைக்கு மறைந்துவிடும். ஊர் சுற்ற வந்த குடும்பங்கள் விடுதி வாசலில் வாடகைக் கார்களின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும் நேரம் இது. பிள்ளைகள் கம்பளிக்குள் மூட்டையாகக் கட்டப்பட்டிருப்பார்கள். கார்க் கண்ணாடியில் பனி விரலளவு இருக்க, நகர மையத்தின் பல நடைபாதைகளில் மட்டும் ஈரம்தான் மிச்சம். வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும் வெந்நீர், நடைபாதைக்கு அடியில் பதித்த குழாய்களில் ஓடிப் பனியை உருக்கிவிடுகிறது.

புவிவெப்பத்தோடு முதல் அறிமுகம் இதற்கும் முன்பே, குளியலறையில் நடந்து முடிந்திருக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் முட்டை அழுகிய வாடை. "அப்பா, தண்ணி கெட்டுப்போச்சு" என்று சின்னது கத்தாத வீடு இருக்காது. கெட்டது எதுவுமில்லை. அது கந்தகம் கலந்த வாயுவின் வாடை. தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வருவதற்கு அதுவே சாட்சி.

ரெய்க்யவிக் என்றால் புகை விரிகுடா. ஒன்பதாம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்கள் வெந்நீர் ஊற்றுகளின் ஆவியைப் புகை என்று எண்ணி வைத்த பெயர் என்பார்கள். நிஜமான புகை ஆயிரம் ஆண்டு கழித்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடுகள் நிலக்கரியில் சூடேறின, ஊரின் மேல் கரும்புகை கவிந்தது. அந்தக் காலத்தில் நகரத்துப் பெண்கள் அழுக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த வெந்நீர் ஊற்றுகளுக்குத் துவைக்கப் போவார்கள். அவர்கள் நடந்த வழிதான் இன்று நகரின் முக்கியக் கடைத்தெரு. துவைக்கும் துறைக்குப் போகும் பாதை என்பதே அதன் பெயரின் பொருள். 1930இல் அதே ஊற்று நீரைக் குழாயில் ஏற்றி ஒரு பள்ளிக்கூடத்தையும் சில கட்டடங்களையும் சூடாக்கிப் பார்த்தார்கள். 1973இல் எண்ணெய் விலை எகிறியபோது நாடு முழுவதும் அந்த வழிக்கு வந்தது. இன்று ஐஸ்லாந்தின் வீடுகளில் பத்தில் ஒன்பது பூமியின் சூட்டில் கதகதப்பாக இருக்கின்றன.

பேருந்தில் வரும் கூட்டம் பெரும்பாலும் கிழக்கே கெய்சிர் ஊற்றையும் குட்ல்ஃபாஸ் அருவியையும் பார்க்கப் போகிறது. அழகுக்கு அதுவே சரி. இந்த நாடு எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் தென்மேற்கே ரெய்க்யனெஸ் தீபகற்பத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு சுற்று சுமார் 150 கிலோமீட்டர். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினால், நடுவில் கிடைக்கும் நான்கு மணி நேர வெளிச்சம் போதும். குளிரைக் கண்டு பயப்பட வேண்டாம். வளைகுடா நீரோட்டத்தின் புண்ணியத்தில் ஜனவரியில்கூடக் கரையோரம் உறைநிலையை ஒட்டித்தான் இருக்கும். காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். கார்க் கதவை அசட்டையாகத் திறந்தால் காற்று அதைக் கீலோடு பிடுங்கிவிடும். காரை வாடகைக்கு விடுபவர்கள் சாவி கொடுக்கும்போது முதலில் சொல்லும் எச்சரிக்கை இதுதான்.

ரெய்க்யவிக்கை விட்டு அரை மணி நேரத்தில் கறுப்பு மலைகளுக்கு நடுவே க்ளைஃபர்வாத்ன் ஏரி. 2000 ஜூனில் நடந்த நிலநடுக்கத்தில் இதன் அடியில் வெடிப்பு விட்டது. ஓட்டைத் தொட்டியைப் போல ஏரி வடிய ஆரம்பித்து, பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது. அந்த அதிர்ச்சியை மனதில் வாங்குவதற்குள் அடுத்த திருப்பத்தில் மலைச்சரிவே ஆவி விடுகிறது. இடத்தின் பெயர் செல்டூன்.

பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளவும் வேடிக்கை பார்க்கவும் இரண்டு கை போதாத இடம். சாம்பல் நிறச் சேறு, கேழ்வரகுக் களி கொதிப்பதைப் போல ப்ளக் ப்ளக் என்று கொப்புளம் விட்டு உடைகிறது. பக்கத்தில் மஞ்சளாய்க் கந்தகம், துருச் சிவப்பாய் இரும்பு, நடுவில் வெள்ளைப் பனி. மழைநீரும் உருகிய பனியும் விரிசல் வழியாக இறங்கி, சூடான பாறையைத் தொட்டு ஆவியாக ஏறி வருகின்றன. கூடவே வரும் கந்தக வாயு மேற்பரப்பில் அமிலமாக மாறி, கருங்கல்லையே கரைத்துச் சேறாக்கிவிடுகிறது. அதாவது காலடியில் இருக்கும் நிலம் அரிக்கப்பட்ட நிலம். மரப்பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது என்பது அதனால்தான். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கே கந்தகம் தோண்டினார்கள், துப்பாக்கி மருந்துக்காக. பிறகு போட்ட ஆழ்துளைக் கிணறு ஒன்று 1999இல் வெடித்தது. அந்தப் பள்ளம் இப்போது வாகன நிறுத்தத்துக்கு அருகே சாதுவான குட்டையாகக் கிடக்கிறது.

மணிகரண் போய் வந்தவர்களுக்கு இந்த ஆவி புதிதாக இருக்காது. அங்கே குருத்வாராவில் ஊற்று நீரின் கொதிப்பிலேயே சோறு வெந்துவிடுகிறது. இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உண்டு. பெரும்பாலானவற்றை நாம் தீர்த்தமாக்கிக் கும்பிடுகிறோம். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் மின்சாரம் எடுப்பதற்கு ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டதே 2021இல்தான்.

செல்டூனிலிருந்து தெற்குக் கடலோரச் சாலை மேற்கே திரும்புகிறது. இரு பக்கமும் எரிமலைக் குழம்பு உறைந்த வெளி. அதன் வயதைச் சொல்வது பாசி. பழைய குழம்பின் மேல் சாம்பல் பச்சையில் மெத்தை மாதிரி ஒரு கை கனத்துக்குப் படர்ந்திருக்கும். மிதித்துப் பிய்த்தால் அது மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். எண்ணூறு ஆண்டுகளாக இந்தத் தீபகற்பத்தில் எரிமலை எதுவும் வெடிக்காததால் பாசிக்கு நிறைய அவகாசம் கிடைத்தது. 2021 மார்ச் 19 அன்று ஃபாக்ரடால்ஸ்ஃபியாட்ல் மலையருகே தரை பிளந்து அந்த மௌனம் முடிந்தது. சாலையோரத்தில் பாசி இல்லாமல் தார் போலக் கறுத்துக் கிடக்கும் குழம்பு அப்போது வந்தது. அதை ஊர்த் திருவிழா போல ஜனங்கள் பார்க்கப் போனார்கள். குழம்பில் கம்பி நீட்டி ஸாஸேஜ் வாட்டித் தின்றவர்களும் உண்டு. யாருக்கும் சேதமில்லாத இடத்தில் பொங்கியதால் வந்த உற்சாகம் அது. 2025 ஆகஸ்டுக்குள் தீபகற்பத்தில் 12 வெடிப்புகள் ஆகிவிட்டன. உற்சாகம் மூன்றாண்டுகூடத் தாங்கவில்லை என்பதற்கு அடுத்த ஊரே அத்தாட்சி.

கிரின்டவிக். சுமார் 3,800 பேர் வாழ்ந்த மீன்பிடி ஊர். உப்பிட்ட காட் மீனுக்குப் பேர் போனது. 2023 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. நாள் முழுக்கத் தரை ஆடியது. இரவில் மொத்த ஊரையும் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பூமிக்கு அடியில் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழம்பு ஒரு சுவர்போலப் புகுந்து, ஊருக்குக் கீழே வரை வந்துவிட்டிருந்தது. மேலே ஒரு பட்டை நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் இறங்கியது. தெருக்கள் வாய் பிளந்தன. சில நாட்கள் கழித்துச் சாமான் எடுக்க அனுமதித்தபோது கிடைத்தது நிமிடக் கணக்கிலான அவகாசம். பலர் ஆல்பங்களையும் நாய் பூனைகளையும்தான் முதலில் எடுத்தார்கள்.

2024 ஜனவரி 10 அன்று, பிளவுகளை மூடும் வேலையில் இருந்த ஒரு தொழிலாளி மண்ணுக்குள் விழுந்தார். நாட்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்கு வடக்கே தரை பிளந்தது. குழம்பைத் திருப்பிவிட எழுப்பியிருந்த மண் அரண் பெருமளவு வேலை செய்தது. ஆனால் நண்பகல் வாக்கில் அரணுக்கு உட்புறமே, வீடுகளுக்குச் சில நூறு அடி தள்ளி, இன்னொரு சிறு பிளவு வாய் திறந்தது. மூன்று வீடுகள் எரிந்தன. நாடே தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்பில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, விற்க விரும்புவோரின் வீடுகளை அரசே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தது. விலை, தீக்காப்பீட்டு மதிப்பில் 95 சதவீதம். பெரும்பாலானோர் விற்றுவிட்டார்கள். பணம் கிடைத்தது. ஒரே தெருவில் மூன்று தலைமுறையாக இருந்தவர்கள் நாலா ஊர்களிலும் சிதறினார்கள். பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளில் சேர்ந்தார்கள். நிலம் அடங்கிய பிறகு வீட்டைத் திரும்ப வாங்கும் முன்னுரிமை பழைய உரிமையாளருக்கே என்ற ஷரத்தும் உண்டு.

2024 அக்டோபரில் ஊர் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எது நடந்தாலும் அவரவர் பொறுப்பு என்ற எச்சரிக்கையோடு. துறைமுகத்தில் படகுகள் வந்து போகின்றன. சற்று உள்ளே திரும்பினால் வேலியிட்ட பிளவுகள், திரைச்சீலை போட்டபடியே இருட்டிக் கிடக்கும் ஜன்னல்கள். ஊர் எல்லையில் ஆறிய குழம்பு கரடுமுரடான சுவராக நிற்கிறது. அதுவரை பின்சீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள் இங்கே அடங்கிவிடுவது வழக்கம். படம் எடுக்கலாம், தடையில்லை. யாருடைய வீட்டு வாசலிலோ நின்று சிரித்தபடி எடுக்காமலிருப்பது மரியாதை.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் ஸ்வார்த்ஸெங்கி மின் நிலையம். 1970களின் நடுவில் தொடங்கியது. பூமிக்கடியிலிருந்து வரும் உப்பு கலந்த கொதிநீரின் ஆவியில் டர்பைன் ஓடுகிறது. அதன் சூடு நல்ல தண்ணீருக்கு ஏற்றப்பட்டு தீபகற்பத்தின் ஊர்களுக்குப் போகிறது. வேலை முடிந்த நீரைப் பக்கத்துக் குழம்பு வெளியில் விட்டார்கள். அதிலிருந்த சிலிக்கா படிந்து தண்ணீர் பால் கலந்த நீலமாகத் தேங்கியது. 1980களில் தோல் நோய்க்காரர்கள் சிலர் இறங்கிக் குளித்துப் பார்க்க, இன்று உலகப் புகழ் பெற்ற 'ப்ளூ லகூன்' பிறந்தது. ஆலைக் கழிவுநீரில் குளிப்பதற்கு இவ்வளவு பணமா என்று கேட்கும் மாமாக்கள் எல்லா நாட்டுக் குடும்பங்களிலும் இருப்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை, குறும்பகலில் பாதியும் அங்கேயே போய்விடும். வெளியே நின்று அரணைப் பார்ப்பது மேல். நிலையத்தைச் சுற்றி எழுப்பிய மண் மேடுகளுக்கு அப்பால் குழம்பு முட்டிக்கொண்டு நிற்கிறது. 2024 நவம்பரில் ஓடி வந்த குழம்பு ப்ளூ லகூனின் கார் நிறுத்தத்தையே மூடிவிட்டது.

குழம்போடு மல்லுக்கட்டுவது இவர்களுக்குப் புதிதல்ல. 1973 ஜனவரியில் ஹெய்மாய் தீவில் நள்ளிரவில் எரிமலை வெடித்தபோது, முந்தைய நாள் புயலால் மீன்பிடிப் படகுகளெல்லாம் துறையிலேயே நின்றிருந்தன. அவற்றில் ஏற்றி 5,000க்கும் மேற்பட்டவர்களை அன்றிரவே கரை சேர்த்தார்கள். நானூறு வீடுகள் வரை போயின. கடல்நீரைப் பீய்ச்சிக் குழம்பை உறையவைத்துத் துறைமுகத்தைக் காப்பாற்றினார்கள். பிறகு திரும்பி வந்து, ஆறாமல் கிடந்த அதே குழம்பில் குழாய் பதித்துப் பத்தாண்டுக்கும் மேல் வீடுகளைச் சூடாக்கிக்கொண்டார்கள்.

வெளிச்சம் மங்குமுன் மேற்கு முனையில் இரண்டு இடங்கள். குன்னுஹ்வெர் சேற்றூற்று ஒரு பேயின் பெயரைச் சுமக்கிறது. வாடகைப் பாக்கிக்காகச் சமையல் பானையைப் பறிகொடுத்த குன்னா என்ற பெண், செத்த பின் ஆவியாக வந்து ஊரை ஆட்டிவைத்தாளாம். ஒரு பாதிரியார் நூல்கண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நூலின் நுனியைப் பிடித்த பேய், உருண்டோடிய கண்டின் பின்னால் போய் கொதிக்கும் சேற்றில் மாட்டிக்கொண்டது. நம்மூரில் புளியமரத்தில் ஆணி அடித்து முடித்திருப்பார்கள். அடுத்தது இரு கண்டங்களுக்கு இடையிலான பாலம். மணல் படிந்த பிளவின் மேல் 15 மீட்டர் நடைபாலம். ஒரு பக்கம் வட அமெரிக்கத் தட்டு, மறுபக்கம் யூரேசியத் தட்டு என்று பலகை சொல்கிறது. நிஜ எல்லை கோடு போட்டதுபோல ஒரே இடத்தில் இல்லை, பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிய பிளவுக் கூட்டம் அது. ஆனாலும் பத்து வயசுப் பையனுக்கு ஓட்டத்தில் கண்டம் மாறும் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? தட்டுகள் ஆண்டுக்கு சுமார் இரண்டு சென்டிமீட்டர் விலகுகின்றன என்பது நிஜம். குழம்பு மேலே வருவதற்கு வழி விடுவதும் அந்த விலகல்தான்.

நாலரை மணிக்குக் கும்மிருட்டு. திரும்பும் வழியில் கெஃப்லவிக். ப்ளூ லகூனில் மிச்சம் பிடித்த காசில் ஒரு சிறு பங்கு போதும், நகராட்சி நீச்சல்குளத்துக்கு. இறங்குவதற்கு முன் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும் என்ற விதி நம்மவர்களைக் கூச வைக்கும். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வெளியே வந்தால் திறந்த வானம், தலையில் பனித்தூள், கழுத்து வரை வெந்நீர். உள்ளூர்க்காரர்கள் ஆபீஸ் முடிந்து வந்து தொட்டியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள்.

இந்தத் தண்ணீரின் சூடு ஸ்வார்த்ஸெங்கியிலிருந்து குழாயில் வருகிறது. 2024 பிப்ரவரி 8 அதிகாலையில் தொடங்கிய வெடிப்பில் குழம்பு காலைக்குள் சாலையைத் தாண்டி அந்தக் குழாயை மூடி உடைத்தது. உறைநிலைக்குக் கீழே இருந்த குளிரில் 20,000க்கும் மேற்பட்டவர்களின் வீடுகள் சில்லிட்டன. நீச்சல்குளங்கள் மூடப்பட்டன. எல்லோரும் ஹீட்டரைப் போட்டால் மின்கம்பிகள் தாங்காது, வீட்டுக்கு ஒரு சிறிய ஹீட்டர் போதும் என்று அரசு கேட்டுக்கொண்டது. மக்கள் ஒரே அறையில் கூடிப் படுத்தார்கள். வெல்டர்களும் குழாய்க்காரர்களும் ஆவி பறக்கும் குழம்புக்குப் பக்கத்திலேயே இரவு பகலாக மாற்றுக் குழாய் போட்டார்கள். சில நாட்களில் வெந்நீர் திரும்பியது. வீடுகள் பழைய சூட்டுக்கு வர மேலும் சில நாட்கள் பிடித்தன.