'ஃபைன்' என்னும் சொல்

சொற்களுக்கும் குலங்கோத்திரம் உண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருவன் நீதிமன்றத்திலும், ஒருவன் நகைக்கடையிலும், ஒருவன் தேயிலை மலையிலும் வாழ்வதுபோல, 'ஃபைன்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இடத்துக்கு ஒரு கோலம் பூண்டு வாழ்கின்றது.

மடுல்சீமைத் தோட்டப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நாம், இச்சொல்லின் பொருளை எழுதுமாறு ஒருமுறை வகுப்பிற் கேட்டோம். பெரும்பாலானோர் 'தண்டப் பணம்' என்றே எழுதினர். விடை பிழையன்று. ஆயினும், பெயரடையாக நிற்கும்போது நயம், நலம், நுண்மை, தூய்மை எனப் பல பொருள் தரும் அச்சொல்லின் கடுமுகம் ஒன்றையே அவர்கள் கண்டிருந்தமை எம்மைச் சிந்திக்கச் செய்தது.

இதன் மூலம் இலத்தீன் மொழியிலுள்ள 'ஃபீனிஸ்' என்பதாகும். முடிவு, எல்லை என்பன அதன் பொருள். பழைய பிரெஞ்சு மொழியில் அது 'ஃபின்' ஆகி, 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற் குடிபுகுந்தது. முடிவு எவ்வாறு நயமாயிற்று? ஒரு வேலையை இறுதிவரை செய்து முடித்தால் அதிற் குறை இராது; குறையற்றது சிறந்தது. மாசு நீங்கிய பொன்னும் அத்தகையதே. இன்று நகைகளிற் பொறிக்கப்படும் 916 என்னும் எண், ஆயிரம் பங்கில் அத்தனை பங்கு தூய பொன் எனக் காட்டுவது. அத்தூய்மையை ஆங்கிலேயர் 'ஃபைன்னஸ்' என்பர். நம் முன்னோர் 'மாற்று' என்றனர். நுட்பமாகச் செய்து முடித்த பொருள் மெல்லிதாயும் இருக்கும்; ஆகவே நுண்மையும் இச்சொல்லின் பொருளாயிற்று. மூடுபனி விலகி வெயில் எறிக்கும் நாளும், நோயற்ற உடலும் பின்னர் இதனுள் அடங்கின.

அப்படியாயின் தண்டம் எங்கிருந்து வந்தது? அதுவும் அதே வேரிலிருந்துதான். வழக்கொன்றை முடித்து வைப்பதற்காகக் கொடுத்த பணமே முதலில் அப்பெயர் பெற்றது. கடனைத் தீர்த்து முடித்தலைக் குறித்த 'ஃபினான்ஸ்' என்பதும் இதன் உடன்பிறப்பே.

இனி நம் மலைக்கு வருவோம். இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்து எடுப்பதை ஆங்கிலத்தில் 'ஃபைன் பிளக்கிங்' என்பர். முற்றிய இலை கலந்தால் தேயிலையின் தரம் குன்றும். யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசுங் காலத்தில் ஊவாத் தேயிலை பெறும் நறுமணம் உலகறிந்தது. காற்றும் மலையும் அதற்குக் காரணமெனில், குருத்தறிந்து கிள்ளும் விரல்களும் காரணமல்லவா? ஆனால், அவ்விரல்களுக்கு உரியவர்களின் முன்னோரிடம் இச்சொல் பாராட்டாக வந்து சேரவில்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் எழுந்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், வேலையை விட்டகன்ற தொழிலாளிக்குச் சிறையும் தண்டமும் விதிக்க இடமளித்தது. எம் மாணவர் எழுதிய விடையில் அந்தப் பழைய வரலாற்றின் நிழலும் விழுந்திருந்தது போலும்!

இவ்வாறு பொருள் விரிதல் தமிழுக்கும் புதிதன்று. 'அரிய' என்றால் கிடைத்தற்கு அரியது, செய்தற்கு அரியது, சிறந்ததும் அதுவே. 'நன்று' என்னுஞ் சொல் பெருமையையும் உணர்த்தும் எனத் தொல்காப்பியம் கூறும்.

ஆதலால், மாணவர்களே, பெயரடையை அது தழுவி நிற்கும் பெயரோடு சேர்த்தே படியுங்கள். பொன்னோடு வரின் தூய்மை. நூலோடு வரின் மென்மை. நாளோடு வரின் வெயில். கொழுந்தோடு வரின் தேர்ந்த கைத்திறன். தண்டம் என்னும் ஒரு பொருளை மட்டும் மனனஞ் செய்தவன், தன் தாயின் விரல்களுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பாராட்டை அறியாமலே போய்விடுவான்.