முதலில் மூடி, பிறகு வாயு

ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே, உங்கள் வீடுகளுக்கு அடியில் கிடப்பது நைஸ் பாறை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னே பூமியின் ஆழத்தில் சூடேறி, நசுங்கி, உருமாறிய பழம்பாறை. அதில் எரிவாயு தங்காது; தங்குவதற்கு அந்தப் பாறையில் இடமில்லை. ஆனாலும் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்திலும், உங்கள் அம்மம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவிலும் வேறொரு பாறையின் காசு கலந்திருக்கிறது. கடலுக்கு அடியில் கிடக்கும் மணற்கல்லின் காசு அது. அந்தக் கல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்த வயதில் நான் உறுதியாக நம்புகிற ஒன்றை அது என்னைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. கிடைப்பது வேறு, தங்குவது வேறு.

1980களின் கடைசியில் இலங்கையிலிருந்து நோர்வேக்கு வந்த எங்களில் பலர் வேலை தேடிப் போய்ச் சேர்ந்த இடம் வடக்கே ஃபின்மார்க். மீன் ஆலைகளில் வேலை. நானும் அங்கேதான் ரப்பர்க் கையுறையோடு மீன் வெட்டினேன். ஹம்மர்ஃபெஸ்டுக்கு வடமேற்கே, பேரண்ட்ஸ் கடலில், 1984இலேயே ஸ்னூவிட் என்ற வாயு வயலைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் கவலை முழுக்க அடுத்த கிழமை ஊருக்குக் காசு அனுப்புவதைப் பற்றியே இருந்தது.

ஸ்னூவிட் இருக்கும் இடத்தில் கடலின் ஆழம் 250 முதல் 345 மீற்றர் வரை. அதற்கும் கீழே, ஏறத்தாழ 2,300 மீற்றர் ஆழத்தில், ஸ்டோ படிவம் என்று புவியியலாளர் பெயரிட்ட மணற்கல் இருக்கிறது. ஜுராசிக் காலத்தில், இன்றைக்குப் பதினேழு பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலோரத்தில் அலை கழுவிக் கழுவிப் போட்ட மணல் அது. அலை சேற்றை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மணல்மணிகள் மட்டும் மிஞ்சின. மேலே மேலே படிவு ஏறி அமுக்கியபோது மணல் கல்லானது. ஆனாலும் மணிக்கும் மணிக்கும் நடுவே நுண்துளைகள் மிச்சமாய் நின்றன. வாயு இருப்பது அந்தத் துளைகளில்தான். வாயு ஏரி, வாயுக் குகை என்று பத்திரிகையில் படித்துவிட்டு ஏதோ பெரிய பள்ளம் கீழே இருப்பதாக நினைக்காதீர்கள். கையில் எடுத்தால் அதுவும் சாதாரணக் கல்தான்.

அந்த வாயு அந்த மணலில் பிறந்ததும் அல்ல. வேறு இடத்தில், இன்னும் ஆழத்தில், காற்றுப் புகாத கடற்சேற்றில் செத்துப் படிந்த பாசியும் நுண்ணுயிரும் புதைந்து, பூமியின் சூட்டில் கோடி ஆண்டுக்கணக்கில் வெந்து எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. பாறைத் துளைகளில் ஏற்கெனவே உப்புத்தண்ணீர் நிறைந்திருக்கிறது. தண்ணீரைவிடப் பாரம் குறைந்த வாயு மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். எதுவும் மறிக்காவிட்டால் கடல்தரைக்கு வந்து காற்றோடு போய்விடும். ஸ்னூவிட்டில் அதை மறித்தது மணற்கல்லுக்கு மேலே படிந்த ஷேல் என்ற களிப்பாறை. அதன் துளைகள் அவ்வளவு நுணுக்கமானவை. வாயுவால் நுழைய முடியவில்லை. பக்கவாட்டில் பாறை பிளந்து இடம்பெயர்ந்ததால் வழி அடைபட்டது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பதையும், அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துப் போவதையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கடலுக்கடியிலும் அந்த ஒழுங்குதான். அடியில் உப்புத்தண்ணீர், அதன்மேல் எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே வாயு.

இனி நான் சொல்ல வந்த இடம். வாயு பிறக்கும் பாறை, தங்கும் பாறை, மூடும் பாறை, அடைபட்ட வடிவம் எல்லாம் இருந்தாலும் போதாது. வாயு வந்து சேருமுன்னே மூடியும் வடிவமும் தயாராக இருந்திருக்க வேண்டும். பிந்தி உருவான கூடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் கூடுதான். வாயு அந்த வழியால் எப்போதோ போய் முடிந்திருக்கும். கோடிக்கணக்கான குரோனர் செலவழித்துத் துளைத்துத் தண்ணீரை மட்டும் கண்ட கிணறுகள் உலகமெங்கும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் மணலும் நல்லது, மூடியும் நல்லது. வரிசைதான் பிழை.

வந்து தங்கியதும் என்றைக்கும் நிற்கும் என்றில்லை. பேரண்ட்ஸ் கடலின் தரை பிற்காலத்தில் மேலே எழும்பியது. பிறகு பனியுகப் பனிப்பாறைகள் அதன் முதுகைச் சுரண்டிப் பெருந்தடிப்புப் பாறையை அள்ளிப் போயின. மேலிருந்த பாரம் குறைய அழுத்தம் குறைந்தது. கீழிருந்த வாயு விரிந்து, தன் அடியில் கிடந்த எண்ணெயை வெளியே தள்ளியது. மூடியிலும் கசிவு வந்தது. ஸ்னூவிட் வயலில் இன்று வாயுவுக்கு அடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அதற்கும் கீழே, முன்பு எண்ணெய் நிறைந்திருந்த ஆழம் வரைக்கும், பாறையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது என்று அந்தக் கறையைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

உங்களுக்குக் காசு வரும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் படித்தவர்கள், மொழி தெரிந்தவர்கள், இந்த நாடு உங்களுடையது. நான் கேட்பது, அது வருமுன் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். மீன் ஆலையில் நாங்கள் சீட்டுப் பிடித்தோம். சீட்டு எடுக்கும் நாளில் எல்லோர் கையிலும் ஒரே தொகைதான். எடுக்குமுன்னே இந்தக் காசு இன்னதுக்கு என்று தாளில் எழுதி வைத்திருந்த ஒருவரின் தங்கச்சி கொழும்பில் படித்து முடித்தாள். எடுத்த பிறகு யோசித்தவர்களுக்கு யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. கடன் கேட்டவர், கலியாணம் சொன்னவர், புதுக் கார் காட்டியவர் என்று வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சீட்டு எடுத்தவர்களில் யாரும் ஊதாரி இல்லை. முதல் சம்பளம் வருமுன்னே வீட்டுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று முடிவெடுங்கள். கலியாணத்துக்கு முன்னே, மண்டபத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது, இரண்டு பக்கத்து அம்மா அப்பாவை யார் பார்ப்பது என்று பேசச் செலவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு அதைப் பேசினால் சண்டையாகத்தான் முடியும்.

காசு வருமுன்னே தயாராவதை இந்த நாடு செய்து காட்டியது. 1963 மே 31இல், ஒரு கிணறுகூடத் துளைக்காத நிலையில், கடலடி வளம் அரசுக்குச் சொந்தம் என்று நோர்வே அறிவித்தது. அதற்கு ஐந்து வருடம் முன்புதான், நோர்வே கரையோரத்தில் எண்ணெய் கிடைக்கும் வாய்ப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று நாட்டின் புவியியல் அளவைத் துறை எழுதியிருந்தது. பஸ்ராவில் பிறந்த பாரூக் அல்-காசிம் என்ற புவியியலாளர், 1968இல் மகனின் வைத்தியத்துக்காக நோர்வேஜிய மனைவியோடு இங்கே வந்தார். மாலை ரயிலுக்குக் காத்திருந்த பகலில் ஒஸ்லோவில் கைத்தொழில் அமைச்சுக்கு நடந்து போய், இங்கே எந்தெந்த எண்ணெய்க் கம்பனிகள் இருக்கின்றன என்று கேட்டார். அவருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. எங்களைப் போல வெளியில் இருந்து வந்தவர், கையில் அறிவை மட்டும் கொண்டு வந்தவர். அவர் கதையை உங்களுக்கு யாரும் சொல்லித் தராதது எனக்கு வருத்தம். 1969 கடைசியில் எகோஃபிஸ்க் என்ற எண்ணெய் வயல் கிடைத்தது. 1972இல் அரச எண்ணெய்க் கம்பனியையும் அதைக் கண்காணிக்கிற பணிமனையையும் தனித்தனியாக அமைத்தார்கள். அந்த வரைபில் அல்-காசிமுக்குப் பெரிய பங்கு. 1990இல் எண்ணெய் நிதியத்துக்குச் சட்டம் வந்தது. முதல் காசு 1996இல்தான் போனது. ஆறு வருடம் அந்த நிதியம் வெறுமையாகக் காத்திருந்தது. இன்றைக்கும் அரசு எடுக்க வேண்டியது நிதியத்தில் எதிர்பார்க்கும் வருமானத்தை மட்டும் என்பது விதி, மொத்தத்தில் 3 வீதம் என்று கணக்கு.

மறுபடியும் ஸ்னூவிட்டுக்கு வருகிறேன். அதன் வாயு 2007இல் 143 கிலோமீற்றர் குழாய் வழியே ஹம்மர்ஃபெஸ்டுக்கு அருகே மெல்கோயா தீவுக்கு வந்தது. கூட வந்த கரியமிலவாயுவைப் பிரித்து, அடுத்த வருடத்திலிருந்து தூபோயன் என்ற இன்னும் ஆழமான மணற்கல்லுக்குள் திருப்பி அனுப்பினார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. அந்தக் கல்லை வற்புறுத்தாமல் 2011இல் ஸ்டோ படிவத்துக்கு மாற்றினார்கள். இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடுகிற பிள்ளைகளுக்காகவே இதைச் சொல்கிறேன். உடம்பும் தன் அழுத்தத்தைக் காட்டும், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக என் ஊரைப் பற்றி. நான் மன்னார்க்காரன். பேசாலையில் 1970களில் சோவியத் உதவியோடு எண்ணெய்க்குத் துளைத்தார்கள். பயன்தரும் அளவுக்கு ஒன்றும் வரவில்லை. 2011இல் மன்னார் வளைகுடாவில், ஆழ்கடலில், கெயர்ன் கம்பனி டொராடோ, பராகுடா என்ற இரண்டு கிணறுகளில் வாயுவைக் கண்டது. 2015இல் அந்தக் கம்பனி விலகிப் போனது. வாயு பாறையிலேயே இருக்கிறது. கரைக்கு வருமுன் செய்யவேண்டியவை நிறைய உண்டு. அதன் காசு எந்த நிதியத்துக்குப் போகும், கரையோர மீனவரோடு யார் உட்கார்ந்து பேசுவது, குழாய் எந்த வழியால் வரும், கசிந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் இப்போதே எழுதி வைக்கலாம். அதற்குப் பாறையும் தெரிந்த, சட்டமும் தெரிந்த, தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த ஆட்கள் வேண்டும். ப்ளிண்டர்னில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை இருக்கிறது. பியோர்ண்டாலிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறிப் போகலாம். உங்களில் ஒருவராவது போய்ப் படியுங்கள். என்னால் முடிந்ததை நான் தருகிறேன்.