அக்கம்பக்கம் பார்த்துப் போட்ட எண்கள்

'நாடுகளின் சராசரி ஐக்யூ' என்று வண்ணம் தீட்டிய உலக வரைபடம் ஒன்றை நண்பர் அனுப்பியிருந்தார். பார்த்ததும் கோபம்தான் வந்தது.

இப்படங்கள் பலவற்றுக்கும் வேர், ரிச்சர்ட் லின்னும் டாட்டு வான்ஹானனும் 2002இல் வெளியிட்ட புத்தகம். 185 நாடுகளுக்கு எண் போட்டார்கள். சோதனைத் தரவு இருந்ததோ 81க்குத்தான். மீதி 104க்கும் அக்கம்பக்கத்து நாடுகளைப் பார்த்து மதிப்பீடு!

எத்தியோப்பியாவுக்கு 63. எப்படி? இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த எத்தியோப்பிய யூதப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனையை வைத்து. ஊரும் மொழியும் மாறி, புதிய பள்ளியில் தடுமாறிய பிள்ளைகள் அவர்கள். ஒரு தேசத்தின் அறிவை அவர்கள் தலையிலா ஏற்றுவது?

இந்த எண்கள் பிறவி அறிவைக் காட்டுகின்றன என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கர்களின் ஐக்யூ மதிப்பெண்ணே 1932 முதல் 1978க்குள் ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் 1984இல் காட்டினார். அதற்குள் மரபணுவா மாறியிருக்கும்?

நண்பரை அழைத்தேன். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினோம்.