நடுவரில்லாத மடல்

நாய்க் கண்காட்சியில் நடுவர் ஒரு நாயை மற்றொரு நாயோடு ஒப்பிடுவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், ஒவ்வொரு நாயும் அதன் இனத்துக்கென எழுதிவைக்கப்பட்ட இலக்கணத்தோடுதான் ஒப்பிடப்படுகின்றது. 1859 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் வேட்டை நாய்களுக்கென நடந்த போட்டி, இன்றைய கண்காட்சிகளுக்கு முன்னோடி.

என் நண்பரொருவர் பல மாதங்களாகக் குளிப்பாட்டி, மயிர் சீவி, நிற்கவும் நடக்கவும் பழக்கிய நாய், நடுவர் பல்லைப் பார்க்கக் குனிந்ததும் படுத்துவிட்டது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. மனம் வெறுத்த நண்பர், நாயை எவருக்கேனும் கொடுத்துவிட எண்ணினார்.

அந்த வாரம் அவரது மகள் ஒரு வாழ்த்து மடல் செய்தாள். நாயின் பாதத்தை மையில் தோய்த்துப் பதித்து, கீழே 'அப்பாவுக்கு நன்றி' என எழுதியிருந்தாள். நண்பர் அதை என்னிடம் காட்டினார். ஓரங்கள் கோணலாக வெட்டப்பட்டிருந்தன, பசையும் வழிந்திருந்தது.

1843 இல் லண்டனில் ஹென்றி கோல் நத்தார் வாழ்த்து மடலை அச்சிடுவித்தது, எல்லோருக்கும் கைப்பட எழுத நேரமில்லாமையால்தான். கையால் செய்த மடலோ அந்த நேரத்தையே பரிசாகத் தருகின்றது. அதற்கு இலக்கணமும் இல்லை, நடுவரும் இல்லை.

நாய் இன்னமும் அவ்வீட்டில்தான் இருக்கின்றது.