ஈறுக்குள் நட்ட கம்பம்

எழுபத்தொரு வயதில் இரண்டு பல்லுக்கு இவ்வளவு செலவா என்று மகன் கேட்கவில்லை. மனைவிதான் கேட்டாள். "பென்ஷன் என்னுது, பல்லும் என்னுது" என்று சொல்லிவிட்டு, சித்திரை மாதம் டாக்டர் நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன்.

கீழே இடப்பக்கம் ஒன்று, மேலே வலப்பக்கம் கடைவாயில் ஒன்று. இரண்டுக்கும் டைட்டானியம் இம்ப்ளாண்ட். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஸ்கேன் படத்தைக் காட்டி, "தாடை எலும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது சார்" என்றார். லெக்ஹோம், ஸார்ப் என்ற இருவர் 1985-இல் அதை நான்கு வகையாகப் பிரித்தார்களாம். மிஷ் என்ற இன்னொருவர் மரத்தோடு ஒப்பிட்டாராம். கெட்டியானது ஓக் மரம் மாதிரி, மிருதுவானது தெர்மோகோல் மாதிரி. கீழ்த்தாடையின் முன்பக்கம்தான் பெரும்பாலும் கெட்டி. மேல்தாடையின் பின்பக்கம் கடற்பஞ்சு போலப் பொத பொத.

கீழே வேலை சுலபமாக முடிந்தது. துளை போடும்போது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். கெட்டி எலும்பில் சூடு ஏறிவிடுமாம். 47 டிகிரியில் ஒரு நிமிஷம் இருந்தாலே எலும்பு பாழாகிவிடும் என்றார். திருகும்போது மெஷின் 40 நியூட்டன் சென்டிமீட்டர் என்று காட்டியது.

மேலே துளையை வேண்டுமென்றே சின்னதாகப் போட்டார். மெத்தென்ற எலும்பை இம்ப்ளாண்ட் நெருக்கிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று. அப்படியும் மெஷின் 15-ஐத் தாண்டவில்லை. டாக்டரம்மா கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி போட்டு ஈறைத் தைத்துவிட்டார்.

"ஆவணியில பேத்தி கல்யாணம்மா. அதுக்குள்ள பல் கட்டிடலாமா?"

"கீழே கட்டிடலாம். மேலே ஆறு மாசம் ஆகணும் சார்."

எனக்குக் கோபம் வந்தது. அதுதான் உள்ளே உட்கார்ந்துவிட்டதே, இன்னும் என்ன? அவர் பொறுமையாகச் சொன்னார். இப்போது இருப்பது திருகின் பிடி மட்டும்தான். முதல் சில வாரங்களில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து, புது எலும்பு வளரும். பழைய பிடி விட்டு, புதுப் பிடி முழுசாக வராத அந்த இடைவெளிதான் ஆபத்து. ஆரம்பத்திலேயே பிடி குறைவு என்றால், அந்த நேரத்தில் மெல்லும் பாரம் விழுந்தால் ஆடிவிடும். ஆடினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும். அப்புறம் கழற்ற வேண்டியதுதான்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. காரணம் 1987.

அப்போது நான் மின்சாரத் துறையில் இளநிலைப் பொறியாளர். ஏரிக்கரை ஓரம் ஒரு கிராமத்துக்கு லைன் இழுத்தோம். எட்டு மீட்டர் கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர் ஆழம். பாறையிலும் அதே கணக்கு, களிமண்ணிலும் அதே கணக்கு. கரையோரக் கம்பத்துக்குச் சுற்றிலும் கான்கிரீட் போட்டு இறுகவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் நாள் திருவிழா. ஊர்ப் பெரியவர்கள் வந்து நின்றார்கள். கையால் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அன்றே கம்பியை இழுக்கச் சொன்னேன். திருவிழாவுக்கு விளக்கு எரிந்தது. ஐப்பசி மழையில் கம்பம் சாய்ந்து, கம்பி தாழ்ந்து, கணவனை இழந்த ஒரு அம்மாவின் பசு செத்துப்போனது. அவரிடம் இருந்தது அந்த ஒரு மாடுதான். விசாரணையில் மழையைக் காரணமாக எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பேத்தி கல்யாணத்துக்கு மேல் பல் இல்லாமல்தான் போனேன். பந்தியில் எல்லாவற்றையும் இடப்பக்கமே மென்றேன்.

ஐப்பசியில் ஈறைத் திறந்து, இம்ப்ளாண்டில் சின்னதாக ஒரு முளையைப் பொருத்தி, தொடாமலேயே ஒரு கருவியைப் பக்கத்தில் காட்டினார். அதிர்வை வைத்து உறுதியை அளக்குமாம். நூறுக்கு அளவு. முதல் நாள் 52 காட்டியது, இப்போது 70. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு கேப் மாட்டிவிட்டார்கள்.

மனைவி முறுக்குத் தட்டை நீட்டி, "இவ்வளவு செலவு பண்ணீங்களே, கடிச்சுக் காட்டுங்க" என்றாள். பழக்கதோஷம், இடப்பக்கமாகவே கடித்தேன்.