பொலிஸ் கடிதம் வந்தால் முதலில் யாருக்குப் போன் எடுப்பது?

போன வருடம் எங்கள் 15 வயது மகனுக்குப் பொலிஸ் கடிதம் வந்தது. ட்ராம் தரிப்பிடத்தில் பெடியளுக்குள் நடந்த அடிபாட்டில் அவனும் ‘பெஷுல்டிக்டர்’, அதாவது சந்தேகநபர். “நான் அடிக்கேல்லை அம்மா” என்றான்.

“உடனே கூட்டிக்கொண்டு போ பிள்ளை. போகாட்டில் வீட்டுக்கு வந்து பிடிப்பாங்கள்” என்றார் அப்பா. பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக்க இடம் கொடுத்த, 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நாட்டிலிருந்து வந்தவர். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

ஜேர்மனியில் 14 வயதிலிருந்து பிள்ளைமேல் வழக்கு வரலாம். ஆனால் சந்தேகநபர் வாய் திறக்கத் தேவையில்லை. பொலிஸ் மட்டும் விசாரணைக்கு அழைத்தால் போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அரச வழக்குத் தொடுநரோ நீதிமன்றமோ அழைத்தால் போகத்தான் வேண்டும்.

எங்கள் பகுதிச் சட்டத்தரணிகள் சங்கத்தின் மூலம், ‘ஃபாக்அன்வால்ட் ஃப்யூர் ஸ்ட்ராஃப்ரெக்ட்’ பட்டம் உள்ள ஒருவரைத் தேடினோம். இளையோர் வழக்குகள் செய்தவரா என்றும் கேட்டோம். “கோப்பைப் பார்க்கும்வரை ஒரு சொல்லும் வேண்டாம்” என்றார் அவர். கோப்பு வந்தது. அடித்தவனைப் பற்றிச் சாட்சி சொன்ன அடையாளம் எங்கள் மகனுடையதே அல்ல. அவர் அதை எழுதி அனுப்பினார். நாலு மாதத்தில் வழக்கு கைவிடப்பட்டது.

காசை நினைத்துத் தயங்காதீர்கள். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் ஆலோசனைக்கு உச்சக் கட்டணம் 190 யூரோவும் வரியும். வருமானம் குறைந்தவர்கள் அம்ட்ஸ்கெரிக்டில் ‘பெராட்டுங்ஸ்ஹில்ஃப’ கேட்கலாம். அது கிடைத்தால் ஆலோசனைக்கு 15 யூரோதான். பாரதூரமான வழக்கென்றால் நீதிமன்றமே ஒரு சட்டத்தரணியை நியமிக்கும்.