வழி பிழைத்த நாள்

தமிழாசிரியப் பணியினின்று ஓய்வுபெற்ற யான், அறுபதைக் கடந்த அகவையில் மோட்டார்ப் பந்தயத்திற் புகுந்தேன் என்றால், மாணவர்கள் நகைப்பார்கள். ஆயினும் நடந்தது அதுவே.

என் இளமை நண்பர் ஒருவர் பொறியாளர். 1961-ஆம் ஆண்டு முதல் சென்னையிற் செய்யப்பெற்ற ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ வண்டிகளுள் ஒன்று அவர் தந்தையார் விட்டுச் சென்றது. அதனைப் பல்லாண்டு உழைத்துச் செப்பனிட்ட அவர், பழைய வண்டிகளுக்கென நடந்த ‘ராலி’ ஒன்றிற்கு என்னைத் துணையாக அழைத்தார்.

“பண்டிதரே, வண்டியை நான் செலுத்துகிறேன், வழியை நீர் படித்துச் சொல்லும். சந்தி பிரிக்கத் தெரிந்த உமக்குச் சாலைச் சந்தி அரிதோ?” என்றார். யானும் பெருமிதத்துடன் இசைந்தேன்.

இது விரைந்தோடி வெல்லும் பந்தயம் அன்று. குறித்த சராசரி வேகத்தில் வழி தவறாது செல்லுதல் வேண்டும். முந்தினும் குற்றம், பிந்தினும் குற்றம். எங்களுக்குக் குறித்த வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். அஃதாவது, ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம். வழிச்சுவடியில் ஒவ்வொரு சந்திக்கும் ஒரு சிறு படம் இருந்தது. அதிலுள்ள புள்ளி வரும் திசையையும், அம்பு செல்லும் திசையையும் குறிக்கும். நெதர்லாந்தில் 1949-இல் தொடங்கிய துலிப் ராலியின் பெயரால் இவற்றைத் ‘துலிப் படங்கள்’ என்பர்.

செங்கற்பட்டினின்று புறப்பட்டுத் திருக்கழுக்குன்றத்தை நெருங்கும்வரை பிழையின்றிப் படித்தேன். மலைமேற் கோயில் தோன்றியது. தேவார மூவரும் பாடிய தலமன்றோ! கண்ணும் கருத்தும் அங்கே சென்றன. மீண்டும் சுவடியை நோக்கியபோது ஒரு வரியைத் தாண்டிப் படித்து, “இடப்பக்கம் திரும்புக” என்றேன்.

அடுத்த சந்தி 800 மீட்டரில் வந்திருத்தல் வேண்டும். ஒரு கிலோமீட்டர் கடந்தும் வரவில்லை. பிழை நேர்ந்ததை உள்ளம் உணர்ந்தது, நா எழவில்லை. பிறர் பிழையைத் திருத்தியே பழகிய யான், என் பிழையை உரைக்க நாணினேன். 3 கிலோமீட்டரில் அச்சாலை ஒரு நெற்களத்தில் முடிந்தது.

“நண்பரே, வழி தவறியது என்னால். முன்னமே அறிந்தும் மறைத்தேன்” என்றேன்.

நண்பர் சினக்கவில்லை. 25 அடி வட்டத்துள் திரும்ப வல்ல அவ்வண்டியை அக்களத்திலேயே திருப்பினார். “தவறுவது யார்க்கும் இயல்பு. முதற் கிலோமீட்டரிலேயே சொல்லியிருந்தால், போக 2, வர 2 என 4 நிமிடமே இழந்திருப்போம். இப்போது 12 நிமிடம். எஞ்சிய 8 நிமிடம் உமது மௌனத்தின் விலை” என்றார். இழந்த காலத்தை ஈடுசெய்ய அவர் விரையவுமில்லை. சிறுவர் நடமாடும் ஊர்ச்சாலை அது.

மாமல்லபுரத்தை அடைந்தபோது, பரிசு பெற்றோர் பட்டியலில் நாங்கள் இல்லை.

அன்றிரவு ஒரு மாணவன் நினைவு வந்தது. விடைத்தாளைத் திருத்திக் கொடுத்த நாளில், “ஐயா, தவறான விடைக்கு எனக்கு மதிப்பெண் தந்துவிட்டீர்கள்” என்று அவனே வந்து சொன்னான். மதிப்பெண்ணைக் குறைத்து அனுப்பினேன். நல்ல சொல் ஒன்றும் சொன்னேனில்லை. அவன் ஒரு நொடியிற் செய்ததைச் செய்ய எனக்கு 3 கிலோமீட்டர் வேண்டியதாயிற்று.

மாணவர்களே, பிழையை உணர்ந்த இடத்திலேயே உரைத்துவிடுங்கள். திரும்ப வேண்டிய தொலைவு அப்போதுதான் மிகக் குறைவு.